லீவர் ஒன்றுதான் இருக்கிறது, பாடமோ ஐந்து கேட்கிறது: பெடல் ஸ்டீலில் தட்டுப்படும் இடங்களும் மாற்று வழிகளும்

பெடல் ஸ்டீல் கிடாருக்கு எழுதப்படும் பாடங்களில் பெரும்பாலானவை மூன்று பெடலும் நான்கைந்து முழங்கால் லீவரும் இருக்கும் என்று வைத்துக்கொண்டே எழுதப்படுகின்றன. படுக்கையாக வைத்து, தந்திகள் மேல் 'பார்' என்னும் உலோகக் கட்டையை நகர்த்தி வாசிக்கும் கிடார் இது; பாதத்தால் மிதிக்கும் பெடலும் முழங்காலால் தள்ளும் லீவரும் சில தந்திகளின் சுருதியை மட்டும் ஏற்றும், இறக்கும். என்னுடையது இரண்டாம் கையாக வாங்கிய மாணவர் மாடல். மூன்று பெடல், ஒரே ஒரு லீவர். முதல் ஆறு மாதம் பாடத்தில் லீவர் குறி வரும் ஒவ்வொரு இடத்திலும் நின்றுவிடுவேன். அப்புறம்தான் தெரிந்தது, லீவர் தரும் ஸ்வரங்களில் பாதி ஏற்கெனவே வேறு தந்தியில் சும்மா கிடக்கிறது. மீதியில் பெரும்பகுதியைப் பாரும் பாதமும் சேர்ந்து கொண்டுவந்துவிடும்.

லீவர் இல்லாமல் இந்த வாத்தியமே இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 1954-இல் கன்ட்ரி பாடகர் வெப் பியர்ஸ் பாடி வெளிவந்த 'ஸ்லோலி' பாட்டில் ஸ்டீல் வாசிப்பாளர் பட் ஐசக்ஸ் தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை மிதித்து ஸ்வரத்தை நகர்த்தினார். நாஷ்வில் ஸ்டீல் வாசிப்பாளர்கள் எல்லோரும் பெடல் பக்கம் ஓடியது அதற்குப் பிறகுதான். அந்த ஒலிக்கு முழங்காலில் எந்த வேலையும் இல்லை. ஐம்பதுகளின் பிற்பகுதியில் வந்த ஃபெண்டர் 400, 1000 மாடல்களிலும் பெடல்கள்தான், லீவர் கிடையாது.

கீழே உள்ளது எல்லாம் பத்துத் தந்தி ஈ9 சுருதிக்கு. உங்களுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து எண்ணினால்: 1 எஃப் ஷார்ப், 2 டி ஷார்ப், 3 ஜி ஷார்ப், 4 ஈ, 5 பி, 6 ஜி ஷார்ப், 7 எஃப் ஷார்ப், 8 ஈ, 9 டி, 10 பி. ஏ பெடல் 5, 10-ஆம் தந்திகளை இரண்டு ஃப்ரெட் அளவு ஏற்றும் (ஒரு ஃப்ரெட் என்பது அரை ஸ்வர தூரம்). பி பெடல் 3, 6-ஐ ஒரு ஃப்ரெட் அளவு ஏற்றும். சி பெடல் 4, 5 இரண்டையும் இரண்டு ஃப்ரெட் ஏற்றும். உதாரணங்களை ஜி மேஜரில், 3ஆம் ஃப்ரெட்டைச் சுற்றியே வைத்திருக்கிறேன்.

மேஜர் வர வேண்டிய இடத்தில் மைனர் வருகிறது

பாடத்தில் 6ஆம் ஃப்ரெட், ஏ பெடல், கூடவே ஈ தந்திகளை ஏற்றும் லீவர் என்று இருக்கும். எஃப் லீவர் என்பார்கள். அந்த லீவர் உங்களிடம் இல்லை. பெடலை மட்டும் மிதித்து 3, 4, 5 தந்திகளை மீட்டுகிறீர்கள். ஜி மேஜருக்குப் பதில் ஜி மைனர் அழுதுகொண்டு வருகிறது.

காரணம் நாலாவது தந்தி மட்டும்தான். 3-இல் டி, 5-இல் ஜி, இரண்டும் சரி. 4-இல் பி வர வேண்டும். பி ஃபிளாட் வருகிறது.

அவசரத்துக்கு நாலாவது தந்தியைத் தொடாமல் 3, 5 இரண்டை மட்டும் மீட்டுங்கள். மேஜரா மைனரா என்று சொல்லும் ஸ்வரம் போய்விடும், ஆனால் பாடுபவரோ கிடாரோ அதை வைத்திருந்தால் யாருக்கும் தெரியாது. தனியாக வாசிக்கும்போது இது மொட்டையாக இருக்கும்.

இரண்டாவது வழி இடத்தையே மாற்றுவது. ஜி மேஜர் 3ஆம் ஃப்ரெட்டில் பெடல் இல்லாமலும், 10-இல் ஏ, பி இரண்டையும் மிதித்தும் கிடைக்கிறது. 6ஆம் ஃப்ரெட் நிலை இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு படிக்கட்டு. மெட்டு மேலே ஏறுகிறதென்றால் 10-க்குப் போய்விடுங்கள், இறங்குகிறதென்றால் 3-இலேயே இருங்கள். பத்துக்கு ஏழு இடங்களில் இது போதும்.

மூன்றாவது, பாரைச் சாய்ப்பது. பழைய ஹவாயியன் வாசிப்பாளர்களின் வித்தை. ஆனால் இதைச் சொல்லித்தருபவர்கள் அளவைச் சொல்வதில்லை. அதனால்தான் எல்லோரும் ஒரு வாரம் முயன்றுவிட்டு விட்டுவிடுகிறார்கள். அடுத்தடுத்த தந்திகளுக்கு இடையே சுமார் 8 மி.மீ. இருக்கும். 6-க்கும் 7-க்கும் நடுவே உள்ள ஃப்ரெட் அகலமோ 24 மி.மீ.க்கும் மேல். 4ஆம் தந்தியை 7-இலும் 5ஆம் தந்தியை 6-இலும் வைக்க வேண்டுமென்றால் பார் ஏறக்குறைய தந்தியோடு படுத்துவிடும். நடக்காத காரியம். தந்திகள் தள்ளி இருந்தால் சாய்வு குறையும். ஏ பெடல் பத்தாவது தந்தியையும் ஏற்றுகிறது அல்லவா? எனவே பெடலை மிதித்து 10ஆம் தந்தியை 6-இலும் 4ஆம் தந்தியை 7-இலும் வைத்து இந்த இரண்டை மட்டும் மீட்டுங்கள். அடியில் ஜி, மேலே பி. இரண்டு தந்திக்கும் நடுவே 5 செ.மீ. கிட்ட இடைவெளி இருப்பதால் பாரின் நுனியை வலப்பக்கமாகக் கொஞ்சம் திருப்பினாலே போதும். நடுவில் உள்ள ஐந்து தந்திகளும் கன்னாபின்னாவென்று இருக்கும், அவற்றில் வலது கை படக் கூடாது. எனக்கு இந்த ஒலி லீவரில் வரும் நெருக்கமான கார்டைவிடப் பிடிக்கும். ஆனால் இதில் வேகமாக எதுவும் வாசிக்க முடியாது.

ஃப்ரெட் ஏற ஏற அகலம் குறைவதால் சாய்வும் எளிதாகும். 12-ஐத் தாண்டினால் ஒரு ஃப்ரெட் 17 மி.மீ.க்கும் கீழே வந்துவிடும். அங்கே 4ஆம், 6ஆம் தந்திகளைச் சேர்த்துச் சாய்த்துப் பார்க்கலாம்.

அதே ஃப்ரெட்டில் ஐந்தாவது கார்ட் கிடைக்கவில்லை

3ஆம் ஃப்ரெட்டில் ஜி வாசித்துக்கொண்டே, பாரை நகர்த்தாமல் டி மேஜருக்குப் போக வேண்டும். பாடம் ஈ தந்திகளை இறக்கும் லீவரைக் கேட்கும். அது உங்களிடம் இல்லையென்றால் கவலையே வேண்டாம், இதுதான் பட்டியலிலேயே எளிதானது. இறங்கிய ஈ என்பது டி ஷார்ப். அது எப்போதும் 2ஆம் தந்தியில் இருக்கிறது. கட்டைவிரல் 5, ஆள்காட்டி 2, நடுவிரல் 1. டி, எஃப் ஷார்ப், ஏ. டி மேஜர் வந்தாயிற்று. பாரும் காலும் அசையவில்லை.

1, 2 தந்திகள் இரண்டும் ஸ்டீல் வாசிப்பாளர் பட்டி எம்மன்ஸ் 1962-இல் சேர்த்தவை. வரிசையில் அவை இருக்கும் இடம் விநோதமாக இருப்பதால், உச்சத்தில் நிற்க வேண்டியது மூன்றாவது தந்திதானே என்று குழம்பி, புதியவர்கள் இந்த இரண்டையும் ஒதுக்கிவிடுகிறார்கள். லீவர் குறைந்தவர் முதலில் சொந்தமாக்கிக்கொள்ள வேண்டியவை இவைதான். 2, 3, 5 சேர்ந்தால் அதே ஃப்ரெட்டில் பி மைனர். ஏ, பி பெடல்களை மிதித்துக்கொண்டு 1, 2, 3, 5-ஐத் தொட்டால் டி9-இன் மேல்பகுதி.

ஒரு எச்சரிக்கை: 4ஆம் தந்தி தவறிக்கூட ஒலிக்கக் கூடாது. அங்கே ஜி இருக்கிறது. 2-இல் உள்ள எஃப் ஷார்ப்போடு அது உரசினால் கண்ணாடியில் நகத்தால் கீறியது போல் இருக்கும். முந்தைய ஜி கார்டை உள்ளங்கை ஓரத்தால் முழுதாக அடக்கிய பிறகே 5-2-1-ஐத் தொடுங்கள்.

ஸ்வரம் சரி, நழுவல் இல்லை

இதுதான் உண்மையான குறை. 2ஆம் தந்தியில் எஃப் ஷார்ப்பை மீட்டினால் ஸ்வரம் கிடைக்கிறது. ஆனால் ஜி-யிலிருந்து எஃப் ஷார்ப்புக்கு வழுக்கிக்கொண்டு போகவில்லை, பியானோவில் கட்டையை அழுத்தியது போல் இருக்கிறது. ஒரு தந்தி அப்படியே நிற்க, பக்கத்துத் தந்தி மட்டும் நகர வேண்டும். அதற்காகத்தானே இந்த வாத்தியத்தை இவ்வளவு பாடுபட்டுத் தூக்கிக்கொண்டு அலைகிறோம். சித்திரவீணையிலும் கட்டையால்தான் வழுக்குகிறார்கள், ஆனால் அங்கே ஒரு வரி மெட்டு போகிறது. இங்கே ஒன்று நிற்க, ஒன்று போக வேண்டும்.

வழி: பாரும் பெடலும் எதிரெதிராகப் போக வேண்டும். பி பெடல் ஒரு ஃப்ரெட் அளவு ஏற்றுகிறது. அதை மிதிக்கும் அதே நேரத்தில் பாரை ஒரு ஃப்ரெட் இறக்கினால், பெடல் பிடித்த தந்தி இருந்த இடத்திலேயே நிற்கும். மற்றவை ஒரு ஃப்ரெட் இறங்கும்.

செய்து பாருங்கள். 3ஆம் ஃப்ரெட், பெடல் இல்லை, 6, 8 இரண்டையும் சேர்த்து மீட்டுங்கள். பி, ஜி. ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பாரை 2-க்குக் கொண்டுவந்துகொண்டே பி பெடலை மிதியுங்கள். ஆறாவது தந்தியில் பி அப்படியே இருக்கிறது. எட்டாவது மட்டும் ஜி-யிலிருந்து எஃப் ஷார்ப்புக்கு வழுக்கி இறங்கியது. லீவர் செய்யும் அதே வேலை. திரும்பி 3-க்கு ஏறிக்கொண்டே பெடலை விட்டால் பழையபடி. 3, 4 தந்திகளிலும் இதே கதைதான்.

முதல் நாள் இது சரியாக வராது. எப்படித் தவறுகிறது என்று கேட்டால் எதைத் திருத்துவது என்று தெரியும்:

நிற்க வேண்டிய தந்தி ஒரு கணம் கீழே போய் மேலே வருகிறது என்றால் கை முந்திவிட்டது, கால் பிந்திவிட்டது. மேலே எகிறி இறங்குகிறது என்றால் கால் முந்திவிட்டது. திரும்பி வரும்போது இது தலைகீழாகும்: கை முந்தினால் மேலே எகிறும். நான் 6ஆம் தந்தியை மட்டும் மீட்டி, பாரையும் பெடலையும் அசைத்துக்கொண்டே இருந்து, அசைவே இல்லாத ஒற்றை ஒலியாகக் கேட்கும்வரை தினமும் பத்து நிமிடம் செய்தேன். வீட்டில் இருப்பவர்களுக்கு இது இசைப் பயிற்சியாகத் தெரியாது. ஊசி காட்டும் டியூனர் இருந்தால் கண்ணால் பார்க்கலாம், ஆனால் காதை நம்புவதே விரைவில் பலன் தரும். மெதுவாகத் தொடங்குங்கள், ஒரு ஃப்ரெட் தூரத்தைக் கடக்க இரண்டு விநாடி எடுத்துக்கொள்ளுங்கள். பெடலை முழுதாக மிதித்து முடியும் இடமும் பார் கோட்டைத் தொடும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதையே திருப்பிப் போட்டால் ஈ தந்தியை ஏற்றும் லீவர் கிடைக்கும். 3-இல் ஏ, பி இரண்டையும் மிதித்தால் சி மேஜர். 6-இல் சி, 8-இல் ஜி. பி பெடலை விட்டுக்கொண்டே பாரை 4-க்கு ஏற்றுங்கள். சி நிற்கும், ஜி மட்டும் ஜி ஷார்ப்புக்கு ஏறும். எஃப் கார்டுக்குப் போகும் முன் வரும் அந்த ஏக்கமான ஆக்மெண்டட் ஒலி இதுதான். ஐந்தாவது தந்தியை இதில் சேர்க்காதீர்கள். அதுவும் சேர்ந்து ஏறி வேறு கார்ட் ஆகிவிடும்.

ஏ பெடலுக்கு இரண்டு ஃப்ரெட் கணக்கு. ஆறாவது தந்தியை எஃப் ஷார்ப்புக்கு இறக்கும் லீவர் சில கருவிகளில் இருக்கும். அது இல்லையென்றால் 5ஆம் ஃப்ரெட்டில் 5, 6 தந்திகளை மீட்டி, ஏ பெடலை மிதித்துக்கொண்டே 3-க்கு இறங்குங்கள். ஐந்தாவது ஈ-யில் நிற்கும், ஆறாவது சி ஷார்ப்பிலிருந்து பி-க்கு வந்து சேரும். தூரம் இரட்டிப்பு என்பதால் கை கால் ஒத்துப்போவது இன்னும் கடினம். பி பெடல் கணக்கு கைக்கு வந்த பிறகு இதைத் தொடுங்கள்.

மேஜரை அங்கேயே மைனராக்க முடியவில்லை

ஏ, பி மிதித்த நிலையில் சி மேஜர். பாடம் இப்போது சி மைனர் கேட்கிறது. ஐந்தாவது தந்தியை இறக்கும் லீவரை ஏ பெடலோடு சேர்த்துத் தள்ளச் சொல்கிறது. அந்த லீவர் நம்மிடம் இல்லை. பி பெடலை முழுதாகவும் ஏ பெடலைப் பாதியும் மிதிக்க வேண்டும்.

பெடல்களை வரிசைப்படுத்தும் எம்மன்ஸ் அமைப்பில் ஏ இடதுகோடியில் இருக்கிறது, பி அதற்கு வலப்பக்கம். ஒரே பாதம் இரண்டையும் மூடியிருக்கும். பாதத்தைத் தூக்காதீர்கள், கணுக்காலை வலப்பக்கமாக லேசாக உருட்டுங்கள். எடை பி மேல் விழும், ஏ தானாகப் பாதி எழும். டே அமைப்பென்றால் பெடல் வரிசை தலைகீழ், உருட்டுவதும் இடப்பக்கம். பாதி எங்கே என்று கண்டுபிடிக்க, 5ஆம் தந்தியைப் பெடல் இல்லாமல் 4ஆம் ஃப்ரெட்டில் மீட்டி அந்த ஒலியைக் காதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு 3-க்கு வந்து, ஏ பெடலை அதே ஒலி வரும்வரை மட்டும் மிதியுங்கள். செருப்பின் அடிப்பாகம் தடிமனாக இருந்தால் இது வரவே வராது. மெல்லிய அடிப்பாகம் உள்ளதைப் போடுங்கள் அல்லது சாக்ஸோடு உட்காருங்கள்.

பாதிப் பெடலில் நீண்ட நேரம் நிற்காதீர்கள். கால் நடுங்கும், சுருதி அலையும். கடந்துபோகும் ஸ்வரமாகத்தான் இது நன்றாக இருக்கும். மைனர் கார்டிலேயே இரண்டு தாள வட்டம் தங்க வேண்டுமென்றால் இடம் மாறிவிடுங்கள். மேஜர் இருக்கும் வெறும் நிலையிலிருந்து மூன்று ஃப்ரெட் மேலே ஏறி ஏ பெடலை மிதித்தால் அதே பெயருள்ள மைனர். ஜி மேஜர் 3-இல், ஜி மைனர் 6-இல். முதல் பகுதியில் நமக்குத் தொல்லை கொடுத்த அதே இடம். 1ஆம் ஃப்ரெட்டில் பி, சி பெடல்களோடும், 11-இல் 2, 3, 5 தந்திகளிலும் ஜி மைனர் இருக்கிறது.

ஏழாவதும் டிமினிஷ்டும்

இதற்கு லீவர் தேடவே வேண்டாம். 3-இல் 5, 6, 8, 9 தந்திகள் சேர்ந்தால் ஜி7. எட்டை விட்டுவிட்டு 5, 6, 9 மட்டும் என்றால் பி டிமினிஷ்டு. ஒன்பதாவது தந்தி தடியானது, அதன் ஒலி மற்றதை மூழ்கடிக்கும்; கட்டைவிரலை மென்மையாக வையுங்கள்.

முதல் தந்தி அரை ஏற்றம் கேட்கிறது

எஃப் ஷார்ப்பை ஜி-க்கு ஏற்றும் லீவர். தனி ஸ்வரமாக வருகிறதென்றால் பாரை ஒரு ஃப்ரெட் நகர்த்துங்கள், வேலை முடிந்தது. கார்டுக்கு உள்ளே வருகிறதென்றால் பாருக்குப் பின்னால், அதாவது டியூனிங் கீ இருக்கும் பக்கம், மோதிரவிரலால் முதல் தந்தியைக் கொக்கி போட்டு உங்கள் பக்கம் இழுத்துப் பார்க்கலாம். .013 அங்குல அளவுத் தந்தி கழுத்தின் நடுப்பகுதியில் இருக்கும்போது அசைந்து கொடுக்கும். முதல் சில ஃப்ரெட்டுகளில் விரல் போக இடமே இருக்காது. மூன்றாவது தந்தியில் இதை முயலாதீர்கள். .011 அளவு, உச்சகட்ட இழுவையில் இருப்பது, பெடல் மிதித்தே அடிக்கடி அறுந்துபோவது அதுதான். எனக்கு இந்த இழுப்பு பத்துக்கு நாலு முறைதான் சுருதியில் விழுகிறது, மேடையில் செய்யமாட்டேன்.

எல்லாம் சரி, ஆனாலும் கொஞ்சம் கீழே கேட்கிறது

பெடல்களை மிதிக்கும்போது கருவியின் உடலே சற்று வளைந்துகொடுக்கிறது. ஏ, பி இரண்டையும் மிதித்தால் மிதிக்காத ஈ தந்திகள் ஒரு மயிரிழை இறங்கும். எதிரெதிர் நகர்த்தலில் இது இன்னும் நன்றாகக் காதில் விழும், ஏனென்றால் அதே ஸ்வரத்தைப் பெடல் இல்லாமல் ஒரு முறை, பெடலோடு ஒரு முறை அடுத்தடுத்துக் கேட்கிறோம். ஈ தந்திகளைப் பெடல் மிதித்த நிலையில் ஒரு முறை சரிபார்த்து, இரண்டுக்கும் நடுவில் வைத்துவிடுங்கள். மிச்சத்தைப் பாரின் நடுக்கம் மறைத்துவிடும்.

இருக்கும் ஒரு லீவரை எதற்கு வைப்பது

எனக்கு வந்த கருவியில் லீவர் ஈ தந்திகளை இறக்கியது. மாணவர் மாடல்களில் அது வழக்கமான தேர்வுதான். நான் அதை மாற்றிவிட்டேன். இறங்கிய ஈ இரண்டாவது தந்தியில் இலவசமாகக் கிடைக்கிறது. ஏறிய ஈ, அதாவது எஃப், எந்தத் திறந்த தந்தியிலும் இல்லை. ஆக, ஒரே லீவர் என்றால் அது ஏற்றும் லீவராக இருக்கட்டும் என்பது என் கட்சி. இதில் இழப்பும் உண்டு: கீழ் ஸ்தாயியில், எட்டாவது தந்தியில் டி ஷார்ப் வேண்டுமென்றால் இனி எதிரெதிர் நகர்த்தல் ஒன்றே வழி. அந்த அடிக்குரலில் நிறைய வாசிப்பவர் மாற்றாமல் இருப்பதே நல்லது.

ஆல்-புல் வகைக் கருவியில்தான் இதைச் செய்ய முடியும். ஏற்றுவதும் இறக்குவதும் இரண்டுமே அதில் ராடை (பெடலையோ லீவரையோ தந்தியோடு இணைக்கும் கம்பி) இழுத்துத்தான் நடக்கின்றன. தந்தியின் சுருதியை மாற்றும் பாகமான சேஞ்சரில் எந்தத் துளையில் ராடு மாட்டியிருக்கிறது என்பதுதான் வித்தியாசம். கருவியைக் கவிழ்த்து, 4, 8 இரண்டுக்கும் போகும் ராடுகளை இறக்கும் துளையிலிருந்து ஏற்றும் துளைக்கு மாற்றினேன். திருகிக் கழற்றும் முன் ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். எதை எங்கிருந்து எடுத்தோம் என்பது பத்து நிமிடத்தில் மறந்துவிடும். அப்புறம் திறந்த தந்திகளை டியூனிங் கீயில் சுருதி சேர்த்து, லீவரைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, வலது ஓரத்தில் இருக்கும் நைலான் நட்டைத் திருகி ஏறிய ஸ்வரத்தைச் சேர்க்க வேண்டும். இந்த வரிசை மாறினால் நாள் முழுக்கத் திருகிக்கொண்டே இருப்பீர்கள். முடித்ததும் 6ஆம் ஃப்ரெட், ஏ பெடல், லீவர், 3, 4, 5 தந்திகள். மைனர் இல்லாமல் ஜி மேஜர் வருகிறதா என்று கேளுங்கள்.